ஆத்தா தள்ளிவிட்ட அரிசி மூட்டை

ஆத்தாளை நம்பிப் பிழைக்கிற என் அக்கா தங்கச்சிகளுக்கு நாகவள்ளி எழுதுகிறேன். எனக்கு மேடையேறிப் பேச வராது. ஆனால் நடந்ததை நாலு பேரிடம் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு செரிக்காது. அதனால்தான் இது.

போன பங்குனியோடு என் கதை முடிந்திருக்க வேண்டும். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்னது. மாதாமாதம் வந்து நிற்க வேண்டியது எனக்கு நிற்கவே இல்லை. தை போய் மாசியும் வந்துவிட்டது. மிளகாய் பறிப்பு நேரம். இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவேன். குனிந்தால் கண் இருட்டும். வரப்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி குனிவேன். ஆள்களிடம் "வெயிலு" என்பேன். துபாயில் இருக்கிற மகன் போனில் கேட்டால் "நல்லாத்தான்யா இருக்கேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்பேன். பொய் சொல்வதிலும் நான் யார் உதவியையும் எதிர்பார்த்ததில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருக்கிறது. கொஞ்சம் நிலம், குண்டு மிளகாய் வெள்ளாமை. மருந்து டப்பாவை முதுகில் மாட்டித் தெளிப்பது நான். மொபெட்டில் மூட்டை கட்டி ராமநாதபுரம் கமிஷன் கடையில் இறக்குவதும் நான். மோட்டார் நின்றுபோனால் பிரித்துப் பார்ப்பதும் நான்தான். வீட்டுக்காரர் மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கருமாதி அன்றைக்கு என் கூடப்பிறந்த அண்ணன் அடுப்படியில் அவர் பெண்டாட்டியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இனிமே இவளையும் நாமதான் இழுத்துச் சுமக்கணும் போல." கெட்ட மனசில் சொல்லவில்லை, கவலையில் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. நான் யாருக்கும் சுமையில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் உறை மோர் கூட வாங்கியதில்லை. ஊரில் "நாகவள்ளியா? அவ ஆம்பளைக்கு ஆம்பள" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பேச்சிலேயே வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

பங்குனி பிறந்ததும் ஒருநாள் மோட்டார் ரூமில் விழுந்துவிட்டேன். எழுந்து, முகத்தைக் கழுவி, நானே மொபெட்டை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது நினைத்தால் உடம்பு பதறுகிறது. ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த டாக்டரம்மா வயதுதான் இருக்கும்.

"கர்ப்பப்பையில பெரிய கட்டிம்மா. ஒடம்புல ரத்தம் பாதிக்குமேல இல்ல. இதோட எப்படி நடந்து வந்தீங்க? இன்னைக்கே அட்மிட் ஆகணும். ரத்தம் ஏத்திட்டுத்தான் ஆப்பரேஷன். கூட யாரு வந்திருக்கா?"

"நாந்தான் வந்திருக்கேன்."

"நோயாளி நீங்கம்மா. கூட யாருன்னு கேட்டேன்."

"யாரும் வேணாம் டாக்டரம்மா. நானே பாத்துக்கிறேன்."

அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "மயக்கத்துல கிடக்கும்போதும் நீங்களே பாத்துக்குவீங்களா? ஒருத்தர வரச் சொல்லுங்கம்மா. ரத்தம் குடுக்கவும் ஆள் வேணும். இத இப்படியே விட்டா நான் பொறுப்பில்ல."

"நாளைக்கு ஆளோட வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

வீட்டில் உட்கார்ந்து யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். அண்ணனா? ஐயோ, அந்த ஒரு வார்த்தையை உண்மையாக்கிவிடக் கூடாது. மகனா? வேலையை விட்டு ஓடி வந்துவிடுவான். பக்கத்து வீட்டுப் பூமயிலா? அவளுக்கே ஆயிரம் வேலை, புருஷன் இல்லாமல் ஒத்தையாக மல்லுக்கட்டுகிறவள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. தனியாக நின்று பழகின பொம்பளையைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். திமிர் இல்லை தாயி, பயம். கேட்டால் கொடுப்பார்கள்தான். கொடுத்த பிறகு "பாவம்" என்று ஒரு பார்வை பார்ப்பார்களே, அதற்குப் பயம். கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் கட்டிக் காத்தது ஒரு நிமிஷத்தில் போய்விடுமே என்று பயம். சாவுக்குக் கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எங்கள் ஊர் முத்துமாரி கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஆத்தா, என்னை யாரு வாசல்லயும் கொண்டுபோய் நிறுத்தாம காப்பாத்திவிடு. ஒனக்குப் பொங்க வைக்கிறேன்." அப்படியே வேண்டினேன், ஒரு எழுத்து மாறவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அந்த வாரத்திலேயே கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. வருஷா வருஷம் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி நான் கொடுப்பது வழக்கம். மொபெட்டில் கொண்டுபோய் நானே தூக்கிக் கோயில் வாசலில் வைத்தால்தான் எனக்குத் திருப்தி. அன்றைக்குத் தூக்க முடியவில்லை. தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனேன். ரெண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றேன்.

மேளம் ஏறியதும் பூசாரி வேளாருக்கு அருள் வந்துவிட்டது. எல்லோருக்கும் குறி சொல்லி, திருநீறு போட்டுக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றார். குனிந்து என் அரிசி மூட்டையை ஒரு தள்ளுத் தள்ளினார். மூட்டை சாய்ந்து விழுந்தது.

"ஏ நாகவள்ளி! ஒன் அரிசி யாருக்குடி வேணும்? எடுத்துட்டுப் போ! மடியேந்தி வாடி. நாலு வீட்டு அரிசி வாங்கியாந்து எனக்குப் பொங்க வையி. அப்பத்தான் நீ கேட்டதத் தருவேன்!"

ஊரே பார்த்தது. எனக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. மடிப்பிச்சை கேவலம் இல்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். வேண்டுதல் இருந்தால் வசதியான வீட்டுப் பெண்களும் முந்தானையை ஏந்தி நாலு வாசலில் நிற்பார்கள். சொந்தக் காசில் வாங்கின அரிசி அதற்கு ஆகாது, அடுத்தவர் கையால் விழ வேண்டும். எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் மடி இல்லையா ஏந்த வேண்டியது! போன வருஷம் கோயிலில் அலற விட்ட ரேடியோ செட்டுச் சத்தத்துக்காக வேளாரோடு சண்டை போட்டிருந்தேன். மனுஷன் அதற்குத்தான் அருளைச் சாக்கு வைத்துப் பழி தீர்க்கிறார் என்று நினைத்தேன். ஆத்தா மன்னிக்கட்டும்.

ஆனால் ஒன்று உறுத்தியது. நான் ஆத்தாளிடம் ஒன்றைக் கேட்டிருந்தது வேளாருக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் நான் சொல்லவில்லையே.

சரி, செய்துவிடுவோம் என்று துணிந்தேன். ஆனால் வக்கீல் மாதிரி யோசித்தேன். ஆத்தா நாலு வீடு என்றுதானே சொன்னாள், எந்த ஊர் வீடு என்று சொல்லவில்லையே! எங்கள் ஊரில் ஏந்த மாட்டேன். ராமநாதபுரத்திலும் முடியாது, கமிஷன் கடைக்காரர்கள் எல்லாம் முகம் தெரிந்தவர்கள். பரமக்குடி போகலாம். அங்கே என்னைத் தெரிந்த ஆள் ஒருத்திதான், என் வீட்டுக்காரரின் தங்கச்சி பாண்டியம்மாள். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். நான் இந்தப் பக்கம் தெருவாகப் பார்த்துப் போய்விட்டால் முடிந்தது காரியம்.

பாண்டிக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. அண்ணன் போன பிறகு அவளாக எத்தனையோ முறை வந்தாள், கூப்பிட்டாள். நான்தான் ஒட்ட விடவில்லை.

மறுநாள் காலையில் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை சொருகி, பஸ் ஏறிவிட்டேன். பரமக்குடியில் இறங்கி ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டு வாசலில் நின்றேன். "அம்மா, மடிப்பிச்சை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வழி தவறி வந்தவள் மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அடுத்த வீடு ஒரு முஸ்லிம் வீடு. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா என் சேலையையும் நான் முந்தானையைப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தார். "சாமி காரியமாம்மா? செத்த நில்லு" என்று உள்ளே போய்ப் படி நிறைய அரிசி கொண்டுவந்து போட்டார். "ஒன் நோவு தீரும், அல்லா பாத்துக்குவான்" என்றார். நோவு என்று நான் சொல்லவே இல்லை! என் மூஞ்சியில் அவ்வளவு எழுதி ஒட்டியிருந்தது போல. நான் வாயைத் திறந்து கேட்காமலே விழுந்த அரிசியை ஆத்தா ஒத்துக்கொள்வாளா என்று வேறு எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாவது வீட்டில் கேட்டுவிட்டேன். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. ஆனால் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் போட்டாள். "பாவம்" என்று அவள் பார்க்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கடுத்த வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

நாலு வீடு ஆகிவிட்டதோ, அந்த முதல் வீடு கணக்கில் சேராதோ என்று குழம்பி, எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று புது பெயின்ட் அடித்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, "அம்மா, மடிப்பிச்சை" என்றேன். கதவு திறந்தது.

"மதினி?"

பாண்டியம்மாள் நின்றாள்! முந்தானையை இழுத்து முகத்தை மூடப் பார்த்தேன். மடியில் இருந்த அரிசி பாதி வாசலில் கொட்டியது. திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். தலை சுற்றி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ... நீ ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருந்த?" அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

"வீடு மாறி வருஷமாகப் போகுது மதினி. பால் காய்ச்சுக்குப் போன் போட்டேன்ல? 'சரி சரி, வரப் பாக்குறேன்'னு நான் தெருப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வச்சுட்டீக."

உண்மைதான். யார் கூப்பிட்டாலும் முழுதாகக் கேட்காமல் வைத்துவிடுவது என் பழக்கம். கேட்டிருந்தால் அந்தத் தெருவுக்குள் காலே வைத்திருக்க மாட்டேன்.

பாண்டி என்னைத் தூக்கப் பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சள் சேலை. மறைக்க முடியாது.

"மதினி, சேலையெல்லாம்... எம்புட்டு நாளா இப்படி?"

"ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிட்டது போதும்!" என்று கத்தினாள். எனக்கு இளையவள், ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தாதவள். "எங்கண்ணனையும் இப்படித்தான் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்லச் சொல்ல விட்டோம். நீங்களும் போனா அந்த வீட்டு வாசப்படிய நான் எதுக்கு மிதிக்க? ஒங்க மேல எனக்கு உரிமை இல்லையா மதினி? ஒங்களுக்கு ஒண்ணு செய்யக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா?"

அவள் அழுதாள். என்னைப் பார்த்து ஒருத்தி அப்படி அழுது எவ்வளவு காலம் ஆயிற்று! வழக்கமாக என்றால் நான் எழுந்து சேலையை உதறிவிட்டு வந்திருப்பேன். ஆனால் காலையில் இருந்து முன்பின் தெரியாத வாசல்களில் நின்று கேட்டுக் கேட்டு என் வாய் பழகியிருந்தது. அந்த வாய்தான் கேட்டது.

"பாண்டி, என்கூட ஆஸ்பத்திரிக்கு வாரியா?"

சொல்லி முடித்ததும் அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது.

அன்றைக்கே கார் பிடித்து ராமநாதபுரம் கூட்டிப் போனாள். பாண்டி எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லையா, வழியிலேயே பூமயிலுக்குப் போனைப் போட்டுவிட்டாள். மறுநாள் என் காட்டில் மிளகாய் பறிக்கிற பெண்கள் எல்லோரும் ஷேர் ஆட்டோ பிடித்து ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். அதில் பாதிப் பேரை "ஒங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிறகு ஆம்பளைகள் வந்தார்கள். அண்ணன் வந்தார். யார் முதலில் சட்டைக் கையை மடித்து விட்டது என்று நினைக்கிறீர்கள்? நம்ம வேளார்தான். இனிமேல் ரேடியோ செட்டுக்கு அவரிடம் நான் எந்த வாயோடு சண்டை போடுவது?

"வேளாரே, நான் ஆத்தாகிட்ட வேண்டுனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கட்டிலில் கிடந்தபடியே கேட்டேன். "எனக்கென்ன தாயி தெரியும்? அருள்ல என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இருக்காது" என்றார். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தா என் கையில இல்லம்மா" என்றது அந்த டாக்டர்ப் பிள்ளை. கும்பிட்டேன்.

ஆனால் கத்தியை விடக் கஷ்டமான ஒன்று அதற்குப் பிறகுதான் இருந்தது. பாண்டி வீட்டில் படுத்துக் கிடந்தேன். எனக்கு அவள்தான் தலை சீவினாள், வெந்நீர் ஊற்றினாள், பாவாடை நாடா கட்டிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கூசிப்போனேன். "இருக்கட்டும் பாண்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் சீப்பை வைத்துவிட்டு, "மதினி, நான் செய்றது ஒங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே வருத்தப்பட்டாள். இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று நான் எத்தனை பேர் முகத்தை இப்படி வாட வைத்திருப்பேன்! அன்றைக்கு முதல் தலையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. மகனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் குழந்தை மாதிரி அழுதான். பிறகு நன்றாகத் திட்டினான்.

ஒருநாள் திடீரென்று ஞாபகம் வந்து, "பாண்டி, ஆத்தாளுக்கு வாங்கின அரிசி எங்க?" என்று கேட்டேன்.

"அதையா? கொட்டினத வழிச்செடுத்துப் பொடைச்சு ஒங்களுக்குத்தான் மதினி தெனமும் கஞ்சி காச்சுனேன்."

அடியாத்தீ! சாமிக்கு வாங்கின பிச்சையை நான் தின்று உடம்பு தேறியிருக்கிறேன்! பதறிப்போய் வேளாருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். "ஆத்தா ஒனக்குத்தான் வாங்கச் சொல்லியிருக்கா போல தாயி. அவளுக்கு வேணும்னா இன்னொரு தடவ ஏந்து."

ஆடி மாதம் ஊருக்குத் திரும்பியதும் ஏந்தினேன். இந்த முறை வக்கீல் யோசனை ஒன்றும் செய்யவில்லை. எங்கள் ஊரிலேயே, எங்கள் தெருவிலேயே, பட்டப்பகலில் மடியேந்திப் போனேன். யாரும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்கு வராமப் போயிராத" என்று குரல் கொடுத்துக் கூப்பிட்டார்கள். நான் படுத்திருந்தபோது என் காட்டு மிளகாயைப் பறித்துக் களத்தில் காயவைத்து மூட்டை கட்டியதும் இவர்கள்தான்.

கடைசியாகப் பூமயில் வீடு. படி நிறைய அரிசியோடு வந்தவள் போடாமல் நின்றாள். ஊரில் என்னை "ஆம்பளைக்கு ஆம்பள" என்றால் அவளை "இரும்பு" என்பார்கள்.

"மதினி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீகளே?"

"கேளு."

"எனக்கு ஒத்தக் கண்ணு சுத்தமாத் தெரியல. இன்னொண்ணும் மங்கிக்கிட்டே வருது. பழம் எது காய் எதுன்னு தடவிப் பாத்துத்தான் பறிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லலாம்னு எத்தனையோ நாள் வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன். நீங்களே யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டீக, நான் வந்து நின்னா என்ன நினைப்பீகளோன்னு..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்கூட கண்ணாஸ்பத்திரிக்கு வாரீகளா மதினி?"

யாரிடமும் கேட்காமல் இருந்தால் யாருக்கும் பாரமில்லை என்று நினைத்திருந்தேன். என் கதவு அவளுக்கும் அடைத்தே கிடந்திருக்கிறது. ஏந்தின மடியோடே அவளைக் கட்டிக்கொண்டேன். "வாரேன்டி, நாளைக்கே போவோம்" என்றேன்.

அந்த அரிசியில் பொங்கல் வைத்தேன். பானை தூக்கி வைக்கப் பூமயிலைக் கூப்பிட்டேன், விறகுக்குப் பாண்டியைக் கூப்பிட்டேன். பொங்கி வழிந்தபோது எனக்காக மற்றவர்கள் குலவை போட்டார்கள். யார் வாசலிலும் நிறுத்தாதே என்றுதான் ஆத்தாளிடம் கேட்டேன். அவள் என்னை வாசல் வாசலாக நிறுத்தித்தான் உயிர் பிச்சை போட்டாள். என் தாய்க்கு நான் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் தீராத நன்றி.

இதைப் படிக்கிறவர்களில் என்னை மாதிரி ஒருத்தி கட்டாயம் இருப்பீர்கள். உடம்பில் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு "வெயிலு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தாயி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆத்தாளிடம் சொல். சொல்லிவிட்டு அப்படியே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போ. முதல் வாசலில் வாய் வராது. பரவாயில்லை, அடுத்த வாசலில் வரும்.

பூமயிலுக்கு இந்த வெள்ளிக்கிழமை கண் ஆப்பரேஷன். கூட நான்தான் போகிறேன். வெளியே சொல்லாவிட்டாலும் அவளுக்குப் பயம். எனக்கும்தான். அவள் பார்வை திரும்ப வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் அவரவர் கும்பிடுகிற சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் யாரையும் எனக்கு முன்பின் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன்.